கூப்பிடாமல் விட்ட அத்தை

திரையில் அந்த அம்மாள் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாம்பழ நிறப் பட்டுச்சேலை, தலை நிறையக் கனகாம்பரம், கையில் மஞ்சள் பை. உள்ளே பந்தி நடந்துகொண்டிருக்கிறது. மில் முதலாளியின் பெண் குழந்தைக்குப் பெயர் வைக்கிற விருந்து. சாப்பிடுகிறவர்கள் இலையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்க்கிறார்கள்.

“ஏனுங்ணா,” என்றார் அந்த அம்மாள், மிகவும் பணிவாக. “ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கறீங்க, சந்தோசமுங்க. தோட்டத்து நாய்க்குக்கூடச் சொல்லியிருப்பீங்களாட்ட இருக்குது, அதும் வந்து படுத்திருக்குது. கூடப் பொறந்தவளுக்கு மட்டும் பத்திரிகைய பஸ் கண்டக்டர்கிட்டக் குடுத்து வுட்டிருக்கறீங்க. அவரு டிக்கெட்டக் கிழிச்சுக் குடுத்துப்போட்டு, அப்படியே உங்க பத்திரிகையவும் குடுத்தாருங்க.”

தியேட்டர் அதிர்ந்தது. அவர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தது போல நின்று, பிறகு பை பிடித்த கையை ஆட்டி ஆட்டிச் சாபம் கொடுத்தார்.

“தூங்குங்க. குடும்பத்தோட நல்லாத் தூங்குங்க. எழுப்பறதுக்கு ஒரு ஆளு வேணும்னு தோணுச்சுன்னா, அப்ப என்னைய நெனைச்சுக்குங்க.”

எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பக்கத்து இருக்கையில் இருந்த நண்பர் வேலுச்சாமி என் தொடையில் தட்டினார். “ஏனுங் புரொபசர், நீங்க எழுதுனதுக்கு நீங்களே இப்படிச் சிரிச்சா, நாங்க எப்பச் சிரிக்கறது?”

நான் அடக்கமாகக் கையை ஆட்டினேன். ஆனால் அது நான் எழுதியது அல்ல. அந்த வார்த்தைகள் பெரும்பாலும் என் அக்கா ராமாத்தாளுடையவை. அவள் அப்போது அன்னூரில் தன் வீட்டில் இருந்தாள். இப்படி ஒரு படம் வருகிறது என்று அவளிடம் நான் சொல்லவே இல்லை.

ராட்டையிலிருந்து மில்லுக்கு

படத்தை எடுத்தவள் வேலுச்சாமியின் மகள் கார்த்திகா. என்னைப் பெரியப்பா என்று கூப்பிடுவாள். சென்னையில் சில வருடங்கள் உதவி இயக்குநராக அலைந்துவிட்டு, முதல் படத்தைச் சொந்த ஊரில்தான் எடுப்பேன் என்று கோவைக்கு வந்து சேர்ந்தாள்.

அவள் எடுத்துக்கொண்டது ஒரு பழைய ஐரோப்பிய தேவதைக் கதை. நான் கல்லூரியில் ஆங்கிலம் நடத்திய காலத்தில் மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அரசன் வீட்டுப் பெயர்சூட்டு விழாவுக்கு எல்லாத் தேவதைகளையும் அழைக்கிறார்கள், ஒருத்தியை விட்டுவிடுகிறார்கள். அவள் வந்து சாபமிடுகிறாள். இளவரசி வளர்ந்து, ராட்டைக் கதிர் விரலில் குத்தித் தூங்கிப்போகிறாள். அரண்மனையே அவளோடு தூங்குகிறது. நூறு வருடம் கழித்து ஒரு இளவரசன் வந்து முத்தம் கொடுத்து எழுப்புகிறான்.

“ராட்டைக்குப் பதிலா ஸ்பின்னிங் மில்லு, பெரியப்பா. அரண்மனைக்குப் பதிலா மொதலாளி பங்களா. ஆனா அந்தச் சூனியக்காரியை என்ன பண்றதுன்னு தெரியலீங்க. நம்மூர்ல கொம்பும் கறுப்பு அங்கியும் போட்டு வந்தா ஜனம் ஏத்துக்காது.”

“எதுக்கு அம்மணி சூனியக்காரி?” என்றேன் நான். “பேரு வெக்கற சீருக்கு அத்தையக் கூப்பிடாம வுட்டாப் பத்தாதா?”

அவள் எழுந்து நின்றுவிட்டாள். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே என்னைப் படத்தில் சேர்த்துக்கொண்டாள். திரையில் ‘வட்டார வழக்கு’ என்று என் பெயர் வருகிறது. படத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. என் வெட்கத்தைச் சொல்ல வந்த இடத்தில் விளம்பரம் வேண்டாம்.

பத்திரிகை போன வழி

வெளியூர் வாசகர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் விசேஷத்துக்கு அழைப்பது என்பது பத்திரிகை கொடுப்பது அல்ல. பங்காளியானாலும் உடன்பிறந்தாளானாலும் வீடு தேடிப் போக வேண்டும். உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, “குடும்பத்தோட முந்தின நாளே வந்துரோணும்” என்று வாயால் சொல்ல வேண்டும். தபாலில் வந்தது அழைப்பில் சேராது. இப்போது செல்போனில் அனுப்புகிறார்கள், அதற்கும் ‘நேர்ல வாரோமுங்க’ என்று ஒரு வரி சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள்.

எங்கள் அண்ணன் கோவையில் வீடு கட்டிப் புதுமனை புகுந்தபோது, கடைசி வாரத்தில் கொத்தனாரோடும் ஆசாரியோடும் மல்லுக்கட்டியதில் அன்னூர் போக அவருக்கு நேரமில்லை. தெரிந்த கண்டக்டர் ஒருவரிடம் அக்காவின் பத்திரிகையைக் கொடுத்தனுப்பினார். அண்ணனிடம் வேறு கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

அக்கா வந்தாள். பட்டுச்சேலையோடு பந்தல் காலடியில் நின்றாள். ஒரு எட்டுக்கூட உள்ளே வைக்கவில்லை. நாய், டிக்கெட், கண்டக்டர் எல்லாம் சொன்னாள். திட்டும்போதும் ஒரு ‘ங்க’ குறையவில்லை. முதலில் யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு பந்தி முழுக்கச் சிரித்தது. கடைசியில், “இந்த ஊட்டுல படுத்தா உங்களுக்குத் தூக்கமே வராதுங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

அண்ணனுக்கு அதற்குப் பிறகு உண்மையாகவே தூக்கம் கெட்டுப்போனது. சர்க்கரை வியாதியால் என்றார் டாக்டர். அண்ணியார் கடைசிவரை அதை நம்பவில்லை.

இந்தக் கதையை நான் பல வருடங்களாகச் சொல்லிவந்திருக்கிறேன். கல்லூரி ஆசிரியர் அறையில், ரயிலில், கல்யாண வீடுகளில். அக்காவின் குரல் எனக்கு அப்படியே வரும். யார் வந்தாலும், “அந்தக் கண்டக்டர் கதையச் சொல்லுங்க” என்பார்கள். அக்கா திரும்பி நடப்பதோடு கதையை முடித்துவிடுவேன். கேட்பவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

கதை அங்கே முடியவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து, கையைக்கூடக் கழுவாமல் நான் அவள் பின்னால் பஸ் நிறுத்தம்வரை போனேன். அங்கே, வெயிலில், அக்கா அழுதாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, சத்தம் வராமல், தோள்கள் குலுங்க அழுதாள். அப்படி ஒருவர் அழுது நான் பார்த்ததில்லை. பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டாள்.

அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள் என்பதுதான் காரணம். வேறு உயர்ந்த காரணம் எதுவும் கிடையாது.

தூங்காத ஆடு

நகரத்துக்கு வெளியே, எப்போதோ மூடிப்போன ஒரு மில்லில் படப்பிடிப்பு. துருப்பிடித்த கதிர்களைத் தேய்த்துப் பளபளப்பாக்கினார்கள். ஊரே தூங்கும் காட்சிக்குத் துணை நடிகர்கள் ஆளுக்கொரு கோலத்தில் உறைந்து கிடக்க வேண்டும். டீ ஆற்றுகிறவர் ஆற்றின கையோடு, சைக்கிள்காரர் சைக்கிள் மேலேயே, வாட்ச்மேன் சல்யூட் அடித்தபடி. மேலிருந்து பஞ்சு தூவினார்கள். மார்கழிப் பனி போல எல்லார் மேலும் படிந்தது.

ஆடு மட்டும் தூங்க மறுத்தது. கேமரா ஓட ஆரம்பித்ததும் எழுந்து போய், முதலாளி வேடம் போட்டவரின் கழுத்து மாலையைத் தின்றது. அவர் தூங்குகிறவர் ஆயிற்றே, அசைய முடியாமல் கிடந்தார். “நல்லா தின்னு சாமி, நானும் காலையிலிருந்து ஒண்ணும் திங்கல” என்று உதட்டை அசைக்காமல் சொன்னார். அந்த ஆடு படத்தில் இருக்கிறது. ஒலியை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

உணவு இடைவேளை எப்போதும் நீண்டுவிடும், ஏனென்றால் தூங்கச் சொன்னவர்களில் பாதிப்பேர் நிஜமாகவே தூங்கிவிடுவார்கள். அப்படி ஒரு இடைவேளையில்தான் கார்த்திகா என்னிடம் கேட்டாள். “அந்தக் கண்டக்டர் கதையில, அப்பறம் அந்தம்மா என்ன பண்ணுனாங்க, பெரியப்பா?”

மரநிழல். கையில் மோர். எதிரில் ஆசையாகக் கேட்கிற முகம். இத்தனை வருடம் பூட்டி வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன். பஸ் நிறுத்தம், முந்தானை, எல்லாம். நான் என்ன செய்தேன் என்பதையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவள், “இதையும் எடுக்கறேன்” என்றாள்.

எடுத்த நாளில் நான் போகவில்லை. காய்ச்சல் என்று சொன்னேன். காய்ச்சல் இல்லை.

அத்தையாக நடித்தவர் மதுரை நாடகக் குழுவைச் சேர்ந்தவர். அவர் அழுததைப் பார்த்து விளக்குப் பிடிக்கிறவர்கள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள் என்று வேலுச்சாமி வந்து சொன்னார். ஆனால் படத்தொகுப்பில் கார்த்திகா அந்தக் காட்சியை வெட்டிவிட்டாள். “இதை வெச்சா அதுக்கப்பறம் ஜனம் சிரிக்காது, பெரியப்பா. சிரிப்புப் படமுங்க.”

எனக்கு அப்பாடா என்றிருந்தது.

அன்னூரில் கிடைத்த முடிவு

படத்துக்கு முடிவு மட்டும் அமையாமல் இருந்தது. கார்த்திகாவுக்கு இளவரசன் பிடிக்கவில்லை. ஒருமுறை அன்னூர் போயிருந்தபோது அக்காவிடம் இந்தக் கதையை, தேவதையை அரசனின் தங்கையாக்கி, ஏதோ வெள்ளைக்காரர் கதை என்று மட்டும் சொல்லிவைத்தேன். அவள் அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள்.

“தூங்கற புள்ளைக்கு முத்தமா? அவனச் செருப்புல அடிக்கோணும்,” என்றாள். பிறகு, “எல்லாருமா தூங்கிப்போட்டாங்க? அந்த அண்ணங்காரனும்?”

“அவருந்தாங்கக்கா.”

“அப்ப யாரு போயி அவளக் கூப்புடறது?”

“அதுதான் தெரியலீங்க.”

அவள் கொஞ்சநேரம் காயை உரித்தாள். “அவதான் பாவம். சண்டை போடறதுக்கு ஒரு நாதியில்லாம எத்தன நாளைக்கு உக்காந்திருப்பா? அவளே வருவா, பாரு. கூப்புடாட்டியும் வருவா. வந்து நின்னு ஒரு சத்தம் போட்டான்னா எல்லாரும் எந்திரிச்சுருவாங்க.”

படம் அப்படித்தான் முடிகிறது. வயதான அத்தை, பஞ்சு மூடிய மில்லுக்குள் தனியாக நடந்து வந்து, “இன்னும் எத்தன நாளைக்கு இப்படி வெக்கமில்லாமத் தூங்குவீங்க?” என்று கத்துகிறார். எல்லாரும் எழுந்து உட்காருகிறார்கள். பத்திரிகைகள் அந்த முடிவைப் பாராட்டின. கார்த்திகா, “பெரியப்பா யோசனை” என்று எல்லாரிடமும் சொன்னாள். நான் மறுக்கவில்லை.

அக்காவின் போன்

படம் வந்து இரண்டாம் வாரம் அக்கா போன் செய்தாள்.

“படம் பாத்தேன்.”

“எந்தப் படமுங்கக்கா?”

“நடிக்காத. நடிக்கறதுக்குத்தான் வேற ஆளப் போட்டிருக்கறீங்களே.”

மறுநாளே பஸ் ஏறினேன். வாசலில் நின்று செருப்பைக் கழற்றவே எனக்கு வெகுநேரம் ஆனது. அவள் “வா தம்பி” என்றாள். இலை போட்டாள். உட்கார்ந்தேன்.

“பக்கத்தூட்டுக்காரிக கூட ஒட்டுக்காப் போனோம். ‘ஏனுங்கக்கா, அச்சு உங்களாட்டவே பேசறாளே’ன்னாங்க. ‘எல்லா ஊட்லயும் ஒரு அத்தை இருப்பா, பேசாம படத்தப் பாருங்க’ன்னு சொல்லிப்போட்டேன்.”

“கோவமாங்கக்கா?”

“இல்லாம? எந்திரிச்சுப் போயிரலாம்னு பாத்தேன். நடு சீட்டுல மாட்டிக்கிட்டேன்.” சோற்றின் மேல் பருப்பை ஊற்றினாள். “அப்பறம் பாத்தா, நான் பேசுனது நெம்ப நல்லாத்தான் இருக்குது. ஆனா அவ கைய ஆட்டி ஆட்டிப் பேசறா. நான் கையை ஆட்டுனனா? கும்புட்டுக்கிட்டேல்ல நின்னேன்.”

நான் சிரித்தேன். தப்பித்துவிட்டோம் என்று நினைத்தேன். அப்போதுதான் அவள் குரல் மாறியது.

“ஒண்ணு சொல்றேன் தம்பி. வரிசையா எல்லாம் வருதே, பஸ் ஸ்டாப்பும் வந்துருமோன்னு நான் கண்ண மூடி உக்காந்துட்டேன். வரல. அதைமட்டும் யாருகிட்டயும் சொல்லாம வெச்சிருந்தியே, அதுக்கு நீ நல்லா இருக்கோணும். என்ர மகனுக்கே அது தெரியாது. அதையும் படம் புடிச்சிருந்தீன்னா, நான் உன்ர மூஞ்சில முழிச்சிருக்க மாட்டேன்.”

நான் தலையை ஆட்டினேன். ரசம் ஊற்றினாள். குடித்தேன். தயிருக்கும் கை நீட்டினேன். ஊர் திரும்பும் பஸ்ஸில், படித்த மனிதன் எத்தனை சுலபமாகப் பொய்யை விழுங்கிச் செரித்துக்கொள்கிறான் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

நேரில்

இந்தப் பத்திரிகையில் இந்த வாரக் கட்டுரையாக நான் வேறொன்று எழுதி வைத்திருந்தேன். பொள்ளாச்சிச் சந்தைக்கு மாடு வாங்கப் போய், மாட்டை விட்டுவிட்டு ஒரு மூட்டை தேங்காயோடு வந்த கதை. அது நன்றாகவே இருந்தது. ஆனால் அந்தத் தயிர்ச்சோற்றுக்குப் பிறகு அதை அனுப்பக் கை வரவில்லை. பஸ் நிறுத்தத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று ஆகிவிட்டது.

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. இந்தப் பத்திரிகை அக்கா வீட்டுக்கும் போகிறது. அவள் இதை அச்சில் பார்த்துத் தெரிந்துகொண்டால், அண்ணன் கண்டக்டரிடம் கொடுத்து விட்டதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கார்த்திகாவிடம் சொன்னேன். “நானும் வாரேன் பெரியப்பா. வெட்டுனது நான்தானுங்களே,” என்றாள். அவள் காரிலேயே போனோம்.

அக்கா அவளைப் பார்த்ததும், “இந்தக் கண்ணுதான் எடுத்துச்சா?” என்று கன்னத்தைத் தொட்டாள். காப்பி வைக்க எழுந்தவளை உட்காரச் சொன்னேன். முதல்முறையாக என் அக்காவிடம் சுற்றி வளைக்காமல் பேசினேன்.

“பஸ் ஸ்டாப்பையும் சொல்லிட்டேனுங்கக்கா. எடுத்தாங்க. அதை வெச்சா ஜனம் சிரிக்காதுன்னு இவங்கதான் வெட்டுனாங்க. நான் காப்பாத்தல.”

அவள் என்னைப் பார்க்கவில்லை. முற்றத்துக் கொடியில் காய்ந்த துணியையே பார்த்தாள். மூஞ்சியில் முழிக்க மாட்டேன் என்று அவள் சொன்னது விளையாட்டுக்கு அல்ல என்று எனக்குத் தெரியும். அண்ணன் சாகும்வரை அந்த வீட்டு வாசலை மிதிக்காதவள் அவள்.

“அவ நல்லா அழுதாளா?” என்று கேட்டாள், கார்த்திகாவைப் பார்த்து.

“நெம்ப நல்லாங்கம்மா.”

“யாராச்சும் சிரிச்சாங்களா?”

“இல்லீங்கம்மா. ஒருத்தருமே சிரிக்கல.”

“எங்க, காட்டு.”

கார்த்திகா என்னைப் பார்த்தாள். பிறகு காரிலிருந்து லேப்டாப்பை எடுத்து வந்து, நாற்காலி மேல் வைத்து, அந்தத் துண்டை ஓடவிட்டாள். நானும் அப்போதுதான் முதல் தடவை பார்க்கிறேன்.

இசை எதுவும் சேர்க்காத காட்சி. காற்றின் சத்தமும் வண்டிகளின் சத்தமும் மட்டும். மாம்பழ நிறச் சேலையில் அந்த அம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுகிறார். பக்கத்தில் தம்பியாக நடித்த பையன், இன்னும் கழுவாத எச்சில் கையோடு நிற்கிறான். பிறகு இடதுகையால் அக்காவின் கையைப் பிடிக்கிறான். இறுக்கமாக. பஸ் வந்து நிற்கும்வரை விடவில்லை.

துண்டு முடிந்தது. அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

“இதுல கையப் புடிச்சிருக்கறான். நீ புடிக்கலையே, தம்பி?”

கார்த்திகா குழப்பத்தோடு என் பக்கம் திரும்பினாள். அதை அவள் கற்பனையில் சேர்க்கவில்லை. மரநிழலில் மோர் குடித்தபடி நான்தான் அப்படிச் சொல்லியிருந்தேன். அன்று நான் செய்தது, யாராவது பார்க்கிறார்களா என்று அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு, இரண்டடி தள்ளி நின்றது. பஸ் போனதும் திரும்பி வந்து அடுத்த பந்தியில் உட்கார்ந்தேன்.

“புடிக்கலீங்கக்கா,” என்றேன்.

“ம்,” என்றாள் அவள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்து மாட்டிக்கொண்டாள். நாற்காலியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

“இன்னொருக்கா போடு, கண்ணு.”